உப்புக்கு மட்டும் பதில் இல்லை

(காஞ்சிபுரம் பட்டிமன்றம். தலைப்பு: வீட்டுச் சமையல் பெரிதும் சிறப்பது கைப்பொருளாலா? கைப்பக்குவத்தாலா? 'கைப்பக்குவத்தாலே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! 'கைப்பொருளே' என்று அடித்துப் பேசிவிட்டு இப்போது நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! வீட்டிலே உலை வைத்துவிட்டும், வைக்காமலும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற காஞ்சி மாநகரத்துத் தாய்மார்களே, பெரியோர்களே!

எதிரணித் தலைவர் ஒரு பழமொழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?" நீங்கள் கைதட்டினீர்கள். மரியாதைக்கு நானும் தட்டினேன். ஐயா, சட்டியில் இருப்பது அகப்பையில் வரும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டிக்குள்ளே அது எப்படிப் போச்சு? தானாக நடந்து போய் இறங்கிச்சா? கத்தரிக்காய் தன்னைத் தானே நறுக்கிக்கிட்டு, புளி தன்னைத் தானே கரைச்சுக்கிட்டு, "உப்பு அண்ணே, நீங்களும் வாங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டு உள்ளே குதிச்சுதா? (சிரிப்பு) அகப்பையைப் பார்த்தீர்கள், சட்டியைப் பார்த்தீர்கள். அகப்பையைப் பிடித்த கையைப் பார்க்காமல் விட்டுவிட்டீர்களே!

இந்தத் தலைப்பை வேறு எந்த ஊரில் வைத்திருந்தாலும் எங்கள் அணி கொஞ்சம் கஷ்டப்பட்டிருக்கும். காஞ்சிபுரத்தில் வைத்தீர்கள் பாருங்கள், நடுவர் அவர்களே, அங்கேயே பாதித் தீர்ப்பு வந்துவிட்டது. ஏன் சொல்கிறேன்? காஞ்சிப் பட்டு என்றால் உலகத்துக்கே தெரியும். 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. சரி, அந்தப் பட்டு நூல் எங்கேயிருந்து வருது? பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து. ஜரிகை? அதிலே பெரும்பகுதி குஜராத்தில் இருக்கிற சூரத்திலிருந்து. நூல் கன்னட நாட்டு நூல், ஜரிகை குஜராத்து ஜரிகை. சேலைக்கு மட்டும் ஏன் காஞ்சிபுரம் என்று பேர்? பொருளால்தான் பெருமை என்றால் அதுக்கு வேற பேர் அல்லவா வைத்திருக்க வேண்டும்? இந்த ஊர் கொடுத்தது எது? கை! பாவையும் ஊடையையும் சேர்க்கத் தெரிந்த கை. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து, பிரியாமல் கோர்க்கத் தெரிந்த கை. சேலைக்கு இருக்கிற நியாயம் சாம்பாருக்குக் கிடையாதா? (கைதட்டல்)

ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்கிறேன். நான் சிறுவன். நெசவுக்காரர் வீடு. கார்த்திகை மாசம், அடைமழை. மழை பிடித்தால் நெசவுக்காரர் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவில் பாவு நீட்ட முடியாது. கஞ்சி போட்ட பாவு காயாது. தறிக் குழியிலே தண்ணீர் ஊறும். சேலை தறியை விட்டு இறங்கினால்தான் கூலி. இறங்கவில்லை. கூலி இல்லை. கடைக்காரரிடம் ஏற்கெனவே கணக்கு ஏறிக் கிடக்கிறது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ராத்திரி எட்டு மணிக்கு ஆரணியிலிருந்து என் அத்தையும் மாமாவும் இரண்டு பிள்ளைகளோடு வந்து இறங்கினார்கள். மழையில் பஸ் கிடைக்கவில்லையாம். வேறு நாளாக இருந்தால் கடன் சொல்லியாவது ஒரு கோழி அடித்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. எங்கள் வீட்டு நிதி நிலைமையைக் காப்பாற்றியதே அந்த வெள்ளிக்கிழமைதான்! (சிரிப்பு)

அம்மா அடுப்பங்கரைக்குள் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். பானையில் அரிசி இருக்கிறது. காய்கறி ஒன்றும் இல்லை. துவரம் பருப்பு டப்பாவைத் தட்டினால் சத்தம் மட்டும் வருகிறது. புளிப் பானையில் புளி இல்லை, கோதுதான் இருக்கிறது. தேங்காய் இல்லை. வேறு என்ன இருக்கிறது? ஒரு கை பாசிப்பருப்பு. கொஞ்சம் சுண்டைக்காய் வத்தல். கோடையில் உப்புப் போட்டுக் காய வைத்த மாங்காய் வத்தல். ஆயுத பூஜைக்கு வாங்கி மிஞ்சிய பொட்டுக்கடலை. மிளகு, சீரகம். புளித்துப் போன மோர் ஒரு செம்பு.

எதிரணிக் கணக்குப்படி இது என்ன? இல்லாமை. அம்மா கணக்குப்படி? ஏழெட்டுப் பேருக்குச் சாப்பாடு!

சுண்டைக்காய் வத்தலை நல்லெண்ணெயில் வறுத்தார்கள். புளிக்குப் பதிலாக மாங்காய் வத்தலை வெந்நீரில் ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரோடு கொதிக்க விட்டார்கள். உப்புப் பானைப் பக்கம் கை போகவே இல்லை. வத்தலிலேயே உப்பு இருக்கிறதே! குழம்பு இறுக ஒரு கரண்டி அரிசி மாவு. பாசிப்பருப்பை வாசம் வர வறுத்து, தேங்காய் விழ வேண்டிய இடத்தில் பொட்டுக்கடலையைப் போட்டு, அம்மியில் வைத்து ஒரு துவையல். புளித்த மோரில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ஒரு மோர் ரசம். முக்கால் மணி நேரம். இலையிலே மூன்று வகை!

மாமா இரண்டாவது தடவை சோறு வாங்கினார். அத்தை கேட்டார்கள், "அண்ணி, என்ன குழம்பு இது? எப்படி வெச்சீங்க?" அம்மா சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "என்னத்த வெச்சேன்? இருந்ததைப் போட்டேன்."

இருந்ததைப் போட்டேன்! நடுவர் அவர்களே, அது அடக்கத்தில் சொன்ன வார்த்தை. உண்மை அது இல்லை. இருந்ததையெல்லாம் போட்டால் அதற்குப் பேர் குழம்பு இல்லை, கூளம். (சிரிப்பு) அம்மா இருந்ததைப் போடவில்லை. இல்லாததின் வேலையை, இருந்ததிடம் வாங்கினார்கள். இன்றைய வழக்கு முழுக்க அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பேர் இருக்கிறது, ஒரு வேலை இருக்கிறது. பேரைத் தெரிந்தவன் கடைக்குப் போவான். வேலையைத் தெரிந்தவள் சமைத்து முடிப்பாள். புளியின் வேலை என்ன? புளிப்பு. அந்த வேலையை எலுமிச்சை செய்யும், மாங்காய் செய்யும், தக்காளி செய்யும், புளித்த மோரும் செய்யும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. புளி என்றால் பச்சை வாசனை போகக் கொதிக்க வேண்டும். எலுமிச்சையைக் கொதிக்க விட்டால் கசந்து போகும். அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிய வேண்டும். மோரோ நுரை கட்டினதும் இறக்கணும். கொதித்தால் திரிந்து போகும். ஆளை மாற்றினால் போதாது ஐயா, வேலை நேரத்தையும் மாற்றணும்!

துவரம் பருப்பின் வேலை என்ன? குழம்புக்கு உடம்பு கொடுப்பது. 2015இல் அது கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது எத்தனை வீட்டில் பாசிப்பருப்பு சாம்பார் கொதித்தது! பாசிப்பருப்பு சீக்கிரம் வேகும், வயிற்றுக்கும் இதம். எந்தப் பருப்பும் இல்லையா? கடலை மாவை இரண்டு கரண்டி கரைத்து விட்டால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு குழம்பு தயார். வெங்காயத்தின் வேலை என்ன? வாசனை. 2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. வெங்காயம் நறுக்கினால்தானே அழுகை வரும்? (சிரிப்பு, கைதட்டல்) எண்ணெயில் ஒரு சிட்டிகை பெருங்காயத்தைப் பொரிய விட்டோம். வேலை முடிந்தது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார் கேட்டார்கள்: "இதெல்லாம் இல்லாதவர்கள் சமாளிப்புத்தானே? வசதி வந்துவிட்டால் இது எதற்கு?" நல்ல கேள்வி. ஆனால் அம்மா, நீங்கள் வசதியாகச் சாப்பிடுகிற சாப்பாட்டிலேயே பாதி, யாரோ ஒருத்தர் என்றைக்கோ சமாளித்ததுதான்.

பத்துப்பாட்டிலே பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் யார்? இந்தக் காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அந்தப் பாட்டு, இந்த ஊருக்கு வருகிற வழியில் எந்தெந்த வீட்டில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்கிறது. ஆயர் வீட்டில் தினைச் சோறும் பாலும். முல்லை நிலத்து வீட்டில் வரகுச் சோறும் அவரைப் பருப்பும். அந்தணர் வீட்டில் சோற்றோடு, மாதுளங்காயை வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப் பொடி தூவி, கருவேப்பிலை கலந்த பொரியல். கூடவே மாவடு ஊறுகாய். கவனித்தீர்களா? அந்தப் பொரியலில் மிளகாய் இல்லை. இருக்க முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய 1498க்குப் பிறகு போர்த்துகீசியர் கொண்டுவந்தது. தக்காளியும் அப்படி வந்ததுதான். அவை வருவதற்கு முன்னாலும் நம் இலையில் உறைப்பு இருந்தது, புளிப்பு இருந்தது. மிளகாய் வந்ததும் நம் பெண்கள் என்ன செய்தார்கள்? "மிளகின் வேலையை இந்தக் காயும் செய்யுதே"ன்னு சேர்த்துக்கொண்டார்கள். பேரைப் பாருங்கள்: மிளகு, காய். மிளகாய்! அதன் பேரிலேயே, அது யாருக்குப் பதிலாக வந்தது என்று எழுதி ஒட்டியிருக்கிறது! (கைதட்டல்)

இன்னும் சந்தேகமா? கூட்டம் முடிந்ததும் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போங்கள். அங்கே குடலை இட்லி. அரிசி, உளுந்து, தயிர், மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து அவித்தது. தக்காளி உண்டா? கிடையாது. வெங்காயம்? கிடையாது. மிளகாய்? அதுவும் கிடையாது. பெருமாள் என்றைக்காவது "இட்லிக்குச் சட்னி எங்கே?" என்று கேட்டிருக்கிறாரா? (சிரிப்பு) பாதிக்கு மேல் அஞ்சறைப் பெட்டிச் சாமான். அதை வைத்துக்கொண்டு ஓர் ஊரின் பேரையே இட்லிக்கு வைத்துவிட்டது கைப்பக்குவம்.

இரண்டாம் உலகப் போர். 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. இட்லிக்கு அரிசி இல்லை. பெங்களூரில் எம்.டி.ஆர். உணவகத்தார் அரிசிக்குப் பதிலாக ரவையைப் போட்டுப் பார்த்தார்களாம். அப்படிப் பிறந்ததுதான் ரவா இட்லி என்று அவர்களே சொல்கிறார்கள். போர் முடிந்தது, அரிசி வந்தது. ரவா இட்லி போய்விட்டதா? இன்றைக்கும் காசு கொடுத்துக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறோம். பதிலுக்கு வந்தவர் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார்!

இவ்வளவு பேசிவிட்டேன். இப்போது எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்காவிட்டால் நான் பேசியது நியாயம் ஆகாது.

எல்லாவற்றுக்கும் பதில் உண்டு என்றேன். ஒன்றுக்கு மட்டும் இல்லை. உப்பு! புளிக்குப் பதில் சொல்லலாம், மிளகாய்க்குப் பதில் சொல்லலாம். உப்புக்குப் பதில் உப்புத்தான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள்? சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு பாணன் வீட்டைக் காட்டுகிறார். பசி. அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். போட உப்பு இல்லை. உப்பில்லாத அந்தக் கீரையை, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாசல் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். ஐயா, அவளுக்குக் கைப்பக்குவம் இல்லையா? குப்பையில் இருந்தே கீரை கண்டுபிடித்தவளுக்கா இல்லை? இருந்தது. ஆனால் பக்குவத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே போனால் அதற்குப் பேர் பக்குவம் இல்லை, பட்டினி. கதவை அடைக்க வேண்டிய நிலைமையில் ஒருத்தியை வைத்துவிட்டு, "ஆகா, என்ன கைப்பக்குவம்!" என்று புகழ்வது பாவம். அதனால்தான் இந்த ஊரில் பிறந்த அண்ணா 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று பேசினார். அதனால்தான் 2011 முதல் நம் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சட்டியில் அரிசியும் உப்பும் விழ வேண்டியது நாட்டின் கடமை. அதுவரைக்கும் எதிரணி சொல்வது சரி. (கைதட்டல்) அதற்கு மேலே எங்கள் கட்சி!

கடைசியாக ஒன்று. இது எதிரணிக்கு இல்லை. இங்கே இருக்கிற ஆண்களுக்கு. முதலில் எனக்கு.

சில வருஷத்துக்கு முன்னால் என் மனைவிக்கு உடம்பு முடியவில்லை. "நீ படு, ராத்திரிச் சமையல் நான் பார்த்துக்கறேன்" என்று வீரமாக உள்ளே போனேன். சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம். எந்தப் பாட்டில் எந்த உணவு வருகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கடுகு டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை! (சிரிப்பு) ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தால் மிளகாய்த் தூள். போர்ன்விட்டா டப்பாவில் உளுத்தம் பருப்பு. காப்பித் தூள் என்று எழுதியிருக்கிற டப்பாவில் வெந்தயம். கல்வெட்டைக்கூடப் படித்துவிடலாம், நம் வீட்டு அலமாரியைப் படிக்க முடியாது! அங்கேயிருந்து குரல் கொடுத்தேன், "இந்தாம்மா, புளி இல்லையே, என்ன செய்ய?" படுத்த இடத்திலிருந்தே பதில் வந்தது: "எலுமிச்சம்பழம் இருக்குதுங்க. இறக்கின பிறகு பிழியுங்க. இல்லன்னா கசக்கும். வேணாம், இருங்க, நானே வர்றேன்." எழுந்து வந்துவிட்டாள். காய்ச்சலோடு.

அப்போதுதான் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு மூணு நாள் காய்ச்சல் வந்தபோது எங்கள் வீட்டில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, புளிகூட இருந்தது. அடுப்பு எரியவில்லை. மூணு நாளும் கடை இட்லி. புளிக்குப் பதில் கண்டுபிடித்தார்கள். பருப்புக்குப் பதில், தேங்காய்க்குப் பதில் கண்டுபிடித்தார்கள். தனக்குப் பதில் ஓர் ஆளை மட்டும் அவர்கள் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. (நீண்ட கைதட்டல்) அந்த ஆரணி விருந்தாளிகள் வந்த ராத்திரி, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மா இலையில் என்ன விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

காஞ்சிப் பெருமக்களே, உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லிவிடப் போவதில்லை. கோர்வைச் சேலை நெய்ய ஒருவர் போதுமா? போதாது. மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் இருந்து கரைக்கு நாடா தள்ளுகிறவர் ஒருவர். இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் கோர்வை. தறிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று தெரிந்த ஊர் இது. அடுப்புக்கு மட்டும் ஏன் ஒருத்தி?

கைப்பக்குவம் என்பது பிறவியில் வருகிற வரம் இல்லை. படிப்பு. புளி எப்போது கொதிக்கணும், எலுமிச்சை எப்போது விழணும், மோர் எப்போது இறங்கணும் என்கிற படிப்பு. தறியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைப்போல அடுப்பருகில் நின்று கற்றுக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு ராத்திரி போதும். கடைக்கு ஓடாமல், போனைத் தட்டிச் சாப்பாடு வரவழைக்காமல், வீட்டில் இருப்பதை வைத்து நீங்கள் சமையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்துங்கள், ஆண் பிள்ளையை முதலில் நிறுத்துங்கள். பேரைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். வேலையைச் சொல்லிக் கொடுங்கள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். முடித்துவிடுகிறேன் ஐயா. பொருள் வேண்டும், அதை வாங்கித் தரக் காசு போதும். பக்குவம் கற்றால்தான் வரும். ஆகவே வீட்டுச் சமையல் பெரிதும் சிறப்பது கைப்பக்குவத்தாலே, கைப்பக்குவத்தாலே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பு எப்படி வந்தாலும், இன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் சமையல் என் முறை. கடுகு டப்பா எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்!